விழாத இரண்டாவது கியர்

"மிதிங்கோன்னா, நன்னா அழுத்தி மிதிங்கோ."

பின்னாலிருந்து விஜயலக்ஷ்மி இதைச் சொன்னபோது, நாணு க்ளட்ச் பெடலின் மேல் ஏறி நிற்காத குறையாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வேன் மாட்டுங்கா மார்க்கெட்டைத் தாண்டிவிட்டது. இனி இரண்டாவது விழ வேண்டும். நாணு கியர்த் தடியைக் கையால் தள்ளினார், தோளைக் கொடுத்துத் தள்ளினார், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். வேனின் அடிவயிற்றிலிருந்து 'க்ர்ர்ராக்' என்று ஒரு சத்தம் வந்தது. பூக்கடைக்காரி கையில் எடுத்த முழத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மிதிச்சாச்சு விஜயம். முட்டறது. இதுக்கு மேலே மிதிச்சா என் கால் ரோட்டுக்கு வந்துடும்."

"பின்னே ஏன் விழ மாட்டேங்கறது?"

"அதை வண்டியைக் கேளு."

பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அங்கிள், பைதல் ஜாவ். ஜல்தி பஹுஞ்சோகே" என்று அன்போடு யோசனை சொல்லிவிட்டுப் போனான். நடந்தே போனால் சீக்கிரம் போய்விடலாம் என்பது நாணுவுக்கும் தெரியும். ஆனால் கோகர்ணத்துக்கு எப்படி நடப்பது?

கோகர்ணம் சும்மா ஊர் இல்லை. கல்யாணமான புதிதில், "லீவு கிடைக்கட்டும், உன்னைக் கடலோரமாவே கோகர்ணம் வரைக்கும் கூட்டிண்டு போறேன்" என்று நாணு வாய் விட்டிருந்தார். துறைமுக ஆபீஸில் ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைத்த லீவெல்லாம் மாமனார் காரியம், மச்சினன் கல்யாணம், பல் பிடுங்கல் என்று கரைந்து போயிற்று. விஜயலக்ஷ்மி ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் கடல் என்கிற வார்த்தை டி.வி.யில் வந்தால்கூட நாணுவை ஒரு பார்வை பார்ப்பாள்.

அதனால்தான் ரிடயரானதும், மற்றவர்களெல்லாம் வாஷியிலும் ஐரோலியிலும் பிளாட் பார்க்க, நாணு வேன் பார்த்தார். புணேயில் யாரோ ஓர் இளம் ஜோடி பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றில் மடக்குக் கட்டில், காஸ் அடுப்பு, கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரு ஸிங்க் எல்லாம் பொருத்தி ஊர் சுற்றிவிட்டு, குழந்தை பிறந்ததும் விற்றார்கள். நாணு பான்ட், பெல்ட், ஷூ சகிதம் மாப்பிள்ளை மாதிரி போய் வாங்கி, மலை ரோடெல்லாம் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அந்தக் கியர் விரல் பட்டாலே விழுந்தது.

பில்டிங் முழுக்க இறங்கி வந்து பார்த்தது. இரண்டாம் மாடி பானுமதி, "அடேயப்பா, உள்ளே கிச்சனே இருக்கே! எங்காத்துக் கிச்சனைவிடப் பெரிசு" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டுப் போனாள். அந்தப் பெருமூச்சை விஜயலக்ஷ்மி மறக்கவில்லை.

அடுப்பு இருந்தால் அது வீடு. வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும். நல்ல நாள் பார்த்து, வேனுக்குள் பால் காய்ச்சி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை அடித்து, குருவாயூரப்பனையும் பிள்ளையாரையும் எழுந்தருளப் பண்ணினாள் விஜயலக்ஷ்மி. அன்று முதல் வேனுக்குள் வெங்காயம் கிடையாது. ஈரத் துண்டை ஸ்டியரிங்கில் போடக்கூடாது. செருப்புக் காலோடு ஏறக்கூடாது. "இங்கே வாசல்ல கழட்டி வெச்சா, கோகர்ணத்திலே வெறுங்காலோடயா நடக்கறது?" என்று நாணு கேட்டதற்கு, "கையிலே எடுத்துண்டு ஏறுங்கோ" என்று தீர்ப்பாயிற்று. எச்சில் கையால் கண்ணாடியைத் திருப்பக்கூடாது. பலகைக்கு நேரே கால் நீட்டிப் படுக்கக்கூடாது.

பால் பொங்கிய மறுநாள் வண்டியை எடுத்தார். கியர் கல்.

புறப்பாடு வருகிற ஞாயிற்றுக்கிழமை. பஜனை மண்டலியில் முப்பது பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

*

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் போனால் பூலோகத்தின் பட்டறை. பூலோகம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வேன் கியர் என்றால் அவன்தான் என்று நாணுவுக்கு நாலு பேர் சொல்லியிருந்தார்கள்.

"உள்ளே சாமி இருக்கு" என்று நாணு சொன்னதும், பூலோகம் மறுபேச்சில்லாமல் செருப்பைப் பட்டறை வாசலிலேயே உதறிவிட்டு ஏறினான். நாணு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. தொண்ணூறடி ரோட்டில் ஒரு ஆட்டோ, ஒரு கைவண்டி, மூன்று ஆடு இவற்றுக்கு நடுவே வேன் சறுக்கிக்கொண்டு போயிற்று.

"மக்கன் மாதிரிலா இருக்கு, வெண்ணெயேதான். என்ன சார் கொற சொல்லுதீங்க?"

"இப்போ எனக்குக் கொடு."

இடம் மாறினார்கள். நாணு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, சாமியைத் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். க்ர்ர்ராக்.

"க்ளட்ச முழுசா மிதிக்கீங்களா?"

"மிதிச்சாச்சய்யா!"

பூலோகம் குனிந்து எட்டிப் பார்த்தான். நாணுவின் எட்டு முழ வேட்டிதான் திரை மாதிரி தொங்கிற்று. மறுபடி இடம் மாறினார்கள், வெண்ணெய். மறுபடி மாறினார்கள், கல். சந்தில் வேலை வெட்டி இல்லாத ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவன் "அண்ணாச்சி ஏறினா நிக்கி, பூலோகம் ஏறினா போவுது" என்று கிரிக்கெட் வர்ணனையே செய்ய ஆரம்பித்துவிட்டான்.

பூலோகம் தலையைச் சொறிந்தான். "சார், தப்பா நெனைக்கப்படாது. கோளாறு வண்டில இல்ல."

"பின்னே? என்கிட்டேயா?"

பூலோகம் கையைத் துடைக்கத் துணியைத் தேடினான். ஆமாம் என்றே சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"நான் பத்மினி கார் ஓட்டினவனாக்கும், தெரியுமா? ஸ்டியரிங்கிலேயே கை கியர்! உனக்கு அதைக் கண்ணாலே பார்த்திருக்கக்கூட வயசிருக்காது. கியர் ஆயிலை மாத்து."

"ஆயில் நல்லால்லா இருக்கு சார்."

"மாத்துன்னா மாத்து."

மாற்றினான். வருஷக்கணக்காகத் திறக்காத அடி நட்டைத் திறந்து மூடியதில், அதற்கு ரோஷம் வந்துவிட்டது. இரவெல்லாம் சொட்டியது. மறுநாள் காலை, பில்டிங் செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு வாக்கிங் கிளம்பியவர், வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் நடையை விட்டுச் சறுக்கலுக்கு மாறி, முடிவில் உட்கார்ந்துவிட்டார்.

நாணு இறங்கி வருவதை அவருடைய செருப்பே பில்டிங்குக்கு அறிவிக்கும். குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்துச் செருப்பு; கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு தடிமன். 'சதக், சதக்' என்று மாடிப்படியில் சத்தம் கேட்டதுமே, தரையிலிருந்தபடியே வேங்கடசுப்ரமணியன் ஆரம்பித்துவிட்டார்.

"மிஸ்டர் நாணு! இது காம்பவுண்டா, பெட்ரோல் பங்க்கா?"

"ஸாரி சார். கியர் கொஞ்சம் டைட். அதான் ஆயில் மாத்தினேன்."

"கியர் டைட்டுன்னா உங்க கியரிலே ஊத்துங்கோ. என் காலுக்கு அடியிலே ஏன் ஊத்தறேள்?"

கியரில் ஊற்றியும் அது இளகவில்லை என்பதை நாணு அவரிடம் சொல்லவில்லை.

*

யூட்யூபில் ஒரு சர்தார்ஜி, கியர் டைட்டாக இருந்தால் தடியின் அடியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். நாணு அதைப் பூலோகத்துக்குப் போட்டுக் காட்டினார்.

"ஒங்க புஷ்ஷு நல்லா இருக்கு சார்."

"எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிண்டே இரு. விழறதா?"

"எனக்கு விழுவுதே."

"நீயா கோகர்ணம் போறே?"

பூலோகம் ஸ்பானரை எடுத்தான். புஷ்ஷை மாற்றினான். பழைய புஷ்ஷோடு தடிக்கு இருந்த பழைய பழக்கமும் போய்விட்டது. முதல் கியர் இருந்த இடத்துக்கு ஏறக்குறைய ரிவர்ஸ் வந்து குடியேறிற்று. "இடது பக்கம் ரொம்பத் தள்ளிராதீங்க சார், பின்னால போயிரும்" என்று பூலோகம் சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் மறுநாள் காலை, தோளைக் கொடுத்துத் தள்ளுகிற மனுஷனுக்கு எது ரொம்ப, எது கொஞ்சம்?

முன்னால் கேட்டைப் பார்த்துக்கொண்டே நாணு பின்னால் போனார். தண்ணீர்ப் பம்ப் அறையின் கதவு, அதன் நிலை, அதற்குள்ளிருந்த ஸ்விட்ச்போர்டு மூன்றும் ஒரே சமயத்தில் உள்ளே போயின.

காலை ஏழரை மணி. பாத்ரூமில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் பில்டிங்கில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னல்களிலிருந்து மூன்று பாஷையில் திட்டு விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் பால்கனிக்கு வந்த பானுமதி, "மாமி, பக்கெட்லே தண்ணி இருக்கா?" என்று விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

விஜயலக்ஷ்மி தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "எல்லாம் அவ கண்ணுதான். அன்னிக்கு விட்டாளே பெருமூச்சு, அது கியர்லே போய் உட்கார்ந்துடுத்து. நான் பால் காய்ச்சினதுக்கு அப்புறம்தானே டைட் ஆச்சு? யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகவே இருந்தது. பால் காய்ச்சுகிற வரை வெண்ணெய். காய்ச்சின பிறகு கல்.

சாயங்காலம் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். குங்குமம் வைத்த பூசணித் துண்டு ஒன்று வழுக்கிக்கொண்டு போய் லிஃப்ட் வாசலில் நின்றது. வேங்கடசுப்ரமணியன் அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமைக்கு மேலே இந்த வண்டி காம்பவுண்டிலே நிக்கப்படாது. ஓட்டிண்டு போவேளோ, தூக்கிண்டு போவேளோ, உங்க இஷ்டம்."

*

"க்ளட்ச் ப்ளேட்டு" என்றார் நாணு.

பூலோகம் கும்பிட்டான். "வேணாம் சார். அது இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். சொன்னா கேளுங்க."

"நீ சொல்றதைக் கேட்டா கோளாறு என்கிட்டேன்னு ஆறது. நான் சொல்றதைக் கேட்டா வண்டியிலேன்னு ஆறது. ப்ளேட்டை மாத்து."

புது ப்ளேட் போட்டு, பூலோகம் ஓட்டிக் காட்டினான். தேன் ஒழுகுவது மாதிரி போயிற்று. "புதுசுல்லா, கொஞ்சம் துடுக்கா இருக்கும். முழுசா மிதிச்சு மெல்ல விடணும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான். நாணு ஏறினார். வேன் தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. பிறகு இன்னொன்று. இரண்டாவது கியர் விழாதது மட்டுமில்லை; இப்போது முதல் கியரும் கையைக் கடித்தது.

ஆனாலும் நாணு தளரவில்லை. வெள்ளிக்கிழமை விஜயலக்ஷ்மியை ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினார். பயணத்துக்கென்று அவள் இடித்து வைத்த மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, வறுத்த அரிசிமாவு எல்லாம் மேல் தட்டில் வரிசையாக நின்றன. கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கு அடியில் சிக்னல் பச்சை விழுந்தது. நாணு பெடலை விட்டார். வேன் துள்ளியது. தட்டும் துள்ளியது.

சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பறந்தது. அந்த மேகத்துக்குள் விஜயலக்ஷ்மி தும்மினாள். வேன் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் சிக்னலுக்குக் குறுக்கே நின்றது. நாலு பக்கமும் ஹாரன். இந்த நேரம் பார்த்துத்தானா பஜனை மண்டலி ரிஹர்ஸல் முடிந்து பாலத்துக்கு அடியில் ரோடு கடக்க வேண்டும்?

"அடே, விஜயலக்ஷ்மி மாமியா! கோகர்ணம் கிளம்பியாச்சா?"

அவள் மறுபடி தும்மினாள். போலீஸ்காரரும், இரண்டு வடாபாவ் கடைக்காரர்களும், பஜனை மண்டலியின் மிருதங்கக்காரரும் சேர்ந்து வேனை வீடு வரைக்கும் தள்ளினார்கள். பின்னாலேயே மண்டலி நடந்து வந்தது. பார்த்தவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

அன்றைக்கு விஜயலக்ஷ்மி தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள்.

"செம்பூர்லேர்ந்து என் தங்கை சாதனா ஃபோன் பண்ணினா. ஞாயித்துக்கிழமை கோவாவுக்கு அவளோட ஃப்ளைட்லே வரச் சொல்றா. அங்கேருந்து கார்லே கோகர்ணம். நான் போறேன்."

"நான்?"

"தங்கைக்கும் எனக்கும்தான் டிக்கெட். நீங்க வண்டியோட குடும்பம் நடத்துங்கோ."

கோகர்ணத்துக் கடலை அவளுக்குக் காட்டுவதாகச் சொன்னவர் நாணு. இனி அவள் பார்த்துவிட்டு வந்து அவருக்கு ஃபோட்டோ காட்டுவாள். தொண்டையில் மிளகாய்ப்பொடி இன்னும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார். வேனை விற்பதாக ஆன்லைனில் போட்டார்.

*

சனிக்கிழமை ஹாஃபிஸா வந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போது செம்பூரில் கேக் செய்து விற்கிறவள். நடமாடும் கடை போட வண்டி தேடிக்கொண்டிருந்தாள். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. அடுப்பைத் திறந்து பார்த்தாள், மேடையை முழம் போட்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். மறைக்கப்படாது" என்றார் நாணு. "கியர் கல்லாட்டமா இருக்கும். ஆயில், புஷ், க்ளட்ச் எல்லாம் மாத்தியாச்சு. அப்படியும் கல்."

"பழைய வண்டின்னா அப்பிடித்தான் அங்கிள். நான் அஞ்சு வருஷமா டெம்போ ஓட்டுதேன். பாத்துக்கிடுதேன், டென்ஷன் நக்கோ, கவலைய விடுங்க."

சாதாரணமாகப் பாதி விலைக்குக் கேட்பார்கள். ஹாஃபிஸாவும் அதைத்தான் கேட்டாள். சனிக்கிழமையே கையெழுத்தெல்லாம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. விஜயலக்ஷ்மி ஏர்போர்ட்டுக்குப் போகப் பெட்டியோடு கீழே நின்றாள். வேங்கடசுப்ரமணியன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பானுமதி பால்கனியில் நின்றாள், முன்னெச்சரிக்கையாகக் குளித்துவிட்டிருந்தாள்.

கேட் குறுகல் என்பதால் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரும் கடைசிக் கடமையை நாணுவே செய்தார். ஒரு துள்ளு, இரண்டு துள்ளு, க்ர்ராக். ரோடு வந்துவிட்டது. சாமியை வண்டியோடு விற்க முடியுமா? பலகையிலிருந்து குருவாயூரப்பனை ஒரு கையிலும் பிள்ளையாரை இன்னொரு கையிலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடைபாதையில் இறங்கி நின்றார். ஹாஃபிஸா ஏறி உட்கார்ந்தாள்.

க்ர்ர்ராக்.

நாணுவின் முகத்தில் அந்த வாரம் முழுக்க இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்கும் விழவில்லை! ஐந்து வருஷமாக டெம்போ ஓட்டுகிறவளுக்கும் விழவில்லை! பிள்ளையாரை வேங்கடசுப்ரமணியன் கையில் திணித்துவிட்டு, ஃபோனை எடுத்துப் பூலோகத்தைக் கூப்பிட்டார்.

"பூலோகம்! கேளு! கோளாறு என்கிட்டேன்னு சொன்னியே, இப்போ வேற ஆள் ஓட்டறா. அவளுக்கும் விழலே! சத்தம் கேட்டியா? வண்டியிலேதான் கோளாறு! வண்டியிலேதான்!"

"இருக்காதே சார்..."

"என்ன இருக்காதே? கண்ணாலே பார்த்திண்டிருக்கேன்!"

உண்மையில் அந்த நேரத்தில் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. ஹாஃபிஸாவின் தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போயிருந்தது. ஒரு நொடியில் மேலே வந்தது. வேன் கிளம்பிற்று. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. துள்ளல் இல்லை, உறுமல் இல்லை, கிங்ஸ் சர்க்கிள் பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போய் மறைந்தே போயிற்று.

"ஹலோ? சார்? என்ன சார் ஆச்சு?" என்று ஃபோன் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாணு ஃபோனைக் காதிலிருந்து இறக்கினார். விஜயலக்ஷ்மி பெட்டியைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணினா அவ? ஏதாவது ஸ்விட்ச் இருந்ததா? உங்களுக்குத் தெரியாம ஸ்விட்ச் இருந்ததோ?"

"ஸ்விட்ச் ஒண்ணும் கிடையாது" என்று வேங்கடசுப்ரமணியன் பிள்ளையாரைப் பிடித்தபடி சொன்னார். "ஸ்விட்செல்லாம் பம்ப் ரூம்லே இருந்தது."

வேன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாலாவதிலிருந்து மூன்றாவது, இரண்டாவது என்று அழகாக இறங்கி, அவர்களுக்கு எதிரில் வந்து நின்றது. ஹாஃபிஸா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"செருப்ப விட்டுட்டுப் போயிட்டீங்களே அங்கிள். ஒண்ணு சீட்டுக்கு முன்னால கெடந்துச்சு, இன்னொண்ணு க்ளட்ச் பெடலுக்கு அடியில நல்லா மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இம்மாந் தடி செருப்ப முட்டுக் குடுத்து வச்சா, யாரு மிதிச்சாலும் கியரு எப்பிடி அங்கிள் விழும்?"